சொல்லக் கூசும் ஒரு நோய்

நம் சங்கத்துத் திங்களிதழில் பிள்ளைகளின் கல்வி, ஊர்ப் பயணம், திருமணச் செய்தி, மறைந்த பெரியோரின் நினைவு ஆகியவற்றையே படித்துப் பழகிய அன்பர்களுக்கு, நாயின் பின்புறத்தில் வரும் ஒரு நோயைப் பற்றி ஒருவன் எழுதப் புகுவது விந்தையாகத் தோன்றலாம். சிலர் முகம் சுளிப்பர், சிலர் சிரிப்பர். சுளிப்பவர்களிடம் சிறிது பொறுமையை வேண்டிக்கொள்கிறேன். சிரிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: இதே சிரிப்பினால்தான் எங்கள் தெருவில் ஒரு நாய் நடுத்தெருவுக்குப் போக இருந்தது. அதை வளர்த்த குடும்பமும் குடியிருந்த வீட்டை இழக்க இருந்தது.

எங்கள் தெரு அடுகோடியில் இருக்கிறது. 1951ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற மைக்கோ நிறுவனத்தில் வேலை கிடைத்து, திருப்பத்தூர்ப் பக்கத்திலிருந்து என் தகப்பனார் இங்கு வந்து சேர்ந்தார். 2008ஆம் ஆண்டில் அந்நிறுவனம் பாஷ் என்று பெயர் மாறிவிட்ட போதிலும், எங்கள் தெருப் பெரியவர்களின் வாயில் அது இன்றைக்கும் மைக்கோதான். அக்காலத்தில் எங்கள் வீடுகளில் நாய் என்றால் வாசலில் கிடப்பது, மிஞ்சியதைத் தின்பது, மழை வந்தால் தாழ்வாரத்தில் ஒண்டுவது. அதற்கு என்ன நோய் வந்தது, எப்பொழுது இறந்தது என்பது எவருக்கும் தெரியாது. இன்றோ இரண்டு அறைகளே உள்ள வாடகை வீட்டிலும் ஒரு வெள்ளை நாய் கட்டிலுக்கு அடியில் படுத்திருக்கிறது. நாய் வீட்டுக்குள் வந்துவிட்டது. நாயைப் பற்றிய அறிவு இன்னும் வாசலிலேயே நிற்கிறது.

எங்களுக்கு அடுத்த வீட்டில் கிருஷ்ணகிரிப் பக்கத்துக் குடும்பம் ஒன்று வாழ்கிறது. கணவர் வாடகைக் கார் ஓட்டுகிறார். மனைவி வீட்டிலேயே தையல் வேலை செய்கிறார். பத்து வயதில் ஒரு மகள். அந்த அம்மையார் என்னை அண்ணா என்றும், சிறுமி மாமா என்றும் அழைப்பர். அவர்களுடைய நாயின் பெயர் மணி. பொமரேனியன் என்று சொல்லி விற்கப்பட்டது. நம் நாட்டில் அப்பெயரில் விற்கப்படும் பெரும்பாலானவற்றைப் போல அதுவும் இந்திய ஸ்பிட்ஸ் என்னும் இனந்தான். ஆறு வயது. காலையில் பாலும் பிஸ்கட்டும், நண்பகலில் தயிர்ச் சோறு, இரவில் வீட்டார் உண்டது எதுவோ அது. மணி உருண்டு திரண்டு, தலையணைக்குக் கால் முளைத்தது போல் இருந்தது.

சென்ற ஐப்பசியில் மணி ஒரு புதிய வித்தையைத் தொடங்கியது. முன்னங்கால்களை ஊன்றிக்கொண்டு, பின்னங்கால்களை முன்னே நீட்டி, பிட்டத்தைத் தரையில் தேய்த்தபடியே கூடத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை இழுத்துக்கொண்டு போயிற்று. சிறுமி கைகொட்டிச் சிரித்தாள். "மணி கார் ஓட்டுகிறான், அப்பாவைப் போல" என்றாள். அதனைக் கைப்பேசியில் படம் எடுத்து ஊரிலுள்ள சித்தப்பாவுக்கும் அத்தைக்கும் அனுப்பினார்கள்; அவர்களும் சிரித்தார்கள். நாய்க்கு வேலையும் இல்லை, நிற்க நேரமும் இல்லை என்று யாரோ பழமொழி சொன்னாராம். மணிக்கோ நிற்க நேரமிருந்தது, உட்காரத்தான் முடியவில்லை.

சிரிப்பு அடங்கியபின் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். உடம்புச் சூடு என்றார் ஒருவர். மோர் ஊற்றச் சொன்னார். வயிற்றில் பூச்சி என்றார் ஊரிலிருந்து வந்திருந்த மாமியார். பூச்சி என்ற கருத்தை முற்றிலும் தள்ளிவிடுவதற்கில்லை. நாய்களுக்கு வரும் நாடாப்புழுக்களில் ஒருவகை, தெள்ளுப்பூச்சியின் வழியாகப் பரவுகிறது. மேனியைக் கடித்துக்கொள்ளும் நாய் அத்தெள்ளுப்பூச்சியை விழுங்கிவிட்டால் புழு குடலில் வளரும். அதன் துண்டுகள் மலவாயின் ஓரத்தில் அரிசிமணி போலவும், காய்ந்தபின் எள் போலவும் ஒட்டிக்கொண்டு அரிப்பைத் தரும். அப்பொழுதும் நாய் தரையில் தேய்க்கும். அதற்கு மாத்திரை உண்டு. மாத்திரையோடு தெள்ளுப்பூச்சியையும் ஒழித்தாக வேண்டும், இல்லையேல் அடுத்த மாதமே புழு திரும்பிவிடும். ஆனால் மணியின் ரோமத்தில் அரிசிமணி எதுவும் இல்லை. மருந்துக்கடையில் வாங்கிய புழு மாத்திரையைக் கொடுத்து ஒரு வாரம் கழிந்த பின்னும் மணி தன் காரை ஓட்டிக்கொண்டுதான் இருந்தது.

இதற்கிடையே வந்தது கருவாட்டுப் பிரச்சினை. வீட்டுக்கார அம்மையார் மாடியில் இருக்கிறார்; கன்னடத்தவர்; சைவ உணவினர்; நல்லவர். எனினும் வாடகைக்கு விடும்பொழுதே, வீட்டில் மீன் சமைக்கலாகாது என்று உறுதி வாங்கியிருந்தார். ஒருநாள் காலையில் அவர் கீழே இறங்கி வந்து, மூக்கைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டு, கருவாடு வறுத்தீர்களா என்று கேட்டார். இல்லை என்று இவர்கள் சத்தியம் செய்தார்கள். இரண்டு நாட்களுக்குப் பின் மீண்டும் அதே வாடை. வேற்றூரில் வாடகைக்குக் குடியிருக்கும் நம்மவர்க்கு இதன் கனம் தெரியும். செய்யாத கருவாட்டுக்காகப் பழி சுமப்பதைவிடச் செய்த கருவாட்டுக்காகச் சுமப்பது எவ்வளவோ மேல். நாவுக்காவது ருசி கிடைத்திருக்கும். ஒரு மாலையில் மணி படுத்திருந்த பாயை உதறியபொழுதுதான் வாடை எங்கிருந்து வருகிறது என்பது தெரிந்தது. பாயில் பழுப்பு நிறத்தில் இரண்டு மூன்று சொட்டுக்கள். அழுகிய மீனின் நாற்றம். நாயை அனுப்புங்கள், அல்லது வேறு வீடு பாருங்கள் என்று சொல்லிவிட்டார் வீட்டுக்கார அம்மையார்.

அடுத்த நாள் நிகழ்ந்தது அதனினும் கடுமையானது. மணியைத் தூக்கச் சிறுமி அதன் அடியில் கை கொடுத்தாள். மடியிலேயே வளர்ந்த நாய் சீறித் திரும்பி அவள் கையைப் பற்றியது. நல்லவேளையாகப் பல் பதியவில்லை. தோலில் கீறலும் இல்லை. எனினும் வெறி என்ற சொல் அவ்வீட்டில் புகுந்துவிட்டது. அந்தச் சொல் புகுந்த வீட்டில் வேறு எந்தச் சொல்லுக்கும் இடம் இருப்பதில்லை. கணவர் அன்றிரவே நாயைக் காரில் ஏற்றிச் சென்று எங்கேனும் விட்டுவிட்டு வருவதாகத் தீர்மானித்தார். சிறுமி சாப்பிடவில்லை. அந்த அம்மையார் என்னிடம் வந்தபொழுது மருத்துவத்தைப் பற்றிக் கேட்கவில்லை. "அண்ணா, உங்களுக்குக் கன்னடம் தெரியுமே, நாய்களை ஏற்றுக்கொள்ளும் இடம் எதுவென்று யாரிடமாவது கேட்டுச் சொல்லுங்கள்" என்றார். அனுப்புவதாயினும் ஒருமுறை டாக்டரிடம் காட்டிவிட்டு அனுப்பலாமே என்று நான் சொன்னேன். காலைவரை பொறுப்பதாகக் கணவர் ஒப்புக்கொண்டார்.

மறுநாள் காலையில் கால்நடை மருத்துவமனைக்குச் சென்றோம். "ஏனாகிதெ?" என்று டாக்டர் கேட்டார். அந்த அம்மையாரின் கன்னடம் காய்கறிக்கும் தண்ணீர் வரிக்கும் போதுமானது. இதற்கு ஒரு சொல்லும் அதில் இல்லை. உண்மையைச் சொன்னால், தமிழில் சொல்வதற்கும் அவருக்கு நா எழவில்லை. "ஹிந்தெ நோவு" என்று சொல்லிவிட்டுத் தலைகுனிந்து நின்றார். டாக்டர் முதலில் கேட்டது வெறிநோய்த் தடுப்பூசி போடப்பட்டதா என்பதைத்தான். போட்ட தேதிகள் எழுதிய அட்டையைச் சிறுமி பத்திரமாக வைத்திருந்தாள். சிறுமியின் கையையும் டாக்டர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சிறு கீறல் இருந்திருப்பினும் ஓடும் தண்ணீரில் சோப்பினால் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனைக்குப் போயிருக்க வேண்டும் என்றும், வீட்டு நாய்தானே என்று இருந்துவிடலாகாது என்றும் சொன்னார். பிறகு மணியின் வாலைத் தூக்கிப் பார்த்தார். மலவாய்க்கு வலப்புறத்தில், ரோமத்துக்கு அடியில், நெல்லிக்காய் அளவில் சிவந்து மினுமினுத்த வீக்கம். ரோமம் அடர்ந்த நாயாதலால் இத்தனை நாளும் எவர் கண்ணுக்கும் அது படவில்லை.

"குத க்ரந்தி" என்றார் டாக்டர்.

அந்த அம்மையாரின் முகம் வெளுத்துவிட்டது. நம் ஊர்ப்பக்கங்களில் கிரந்தி என்றால் என்ன பொருள் என்று பெரியோர்கள் அறிவர். நாட்டு வைத்தியர்கள் மேகநோயைச் சேர்ந்த புண்ணுக்கு வழங்கும் பெயர் அது. குடும்ப நாய்க்கு அப்படியும் ஒரு நோயா என்று அவர் நடுங்கியதில் வியப்பில்லை. கன்னடத்தில் க்ரந்தி என்றால் வெறும் சுரப்பிதான் என்பதை நான் எடுத்துச் சொன்ன பின்னரே அவருக்கு மூச்சு வந்தது. சொல் ஒன்றுதான், எல்லையைத் தாண்டியதும் பொருள் மாறிவிடுகிறது.

டாக்டர் பொறுமையாக விளக்கினார். நான் மொழிபெயர்த்தேன். ஒவ்வொரு நாய்க்கும் மலவாயின் இருபுறத்திலும் தோலுக்கு அடியில் இரண்டு சிறு பைகள் உண்டு. மலவாயைக் கடிகாரத்தின் முகமாக எண்ணிக்கொண்டால், நான்கு மணியும் எட்டு மணியும் இருக்கும் இடங்கள் அவை. ("மணிக்குள்ளே நாலு மணியும் எட்டு மணியுமா?" என்று சிறுமி கேட்டாள்; இரண்டு நாட்களில் அவள் பேசிய முதல் பேச்சு அது.) அப்பைகளின் சுவர்களில் உள்ள சுரப்பிகள் எண்ணெய்ப் பசையுள்ள, கடும் வாடை வீசும் நீரைச் சுரக்கின்றன. நாய் கெட்டியாக மலம் கழிக்கும்பொழுது பைகள் நெருக்குண்டு, சிறு குழாய்கள் வழியே ஓரிரு சொட்டு வெளியே வந்துவிடும். அந்த வாடைதான் நாயின் முகவரி. அடுகோடிச் சந்தையில் இரண்டு தமிழர் சந்தித்தால் முதலில் "எந்த ஊர்?" என்று கேட்பது போல, இரண்டு நாய்கள் சந்தித்தால் ஒன்றையொன்று பின்னால் முகர்ந்து ஊரும் பேரும் தெரிந்துகொள்கின்றன. நாம் அநாகரிகம் என்று சங்கிலியை இழுக்கிறோம்.

ஒரு விலங்கின் பின்புறச் சுரப்பு என்றவுடன் அருவருப்பவர்கள் புனுகை எண்ணிப் பார்க்கவேண்டும். புனுகுப்பூனையின் சுரப்பி வேறு. இடமும் சற்று வேறு. ஆயினும் அதுவும் வாலுக்கு அடியில் சுரப்பதுதான். திருமலையில் வெள்ளிக்கிழமைத் திருமஞ்சனத்துக்குப் பின் பெருமாள் திருமேனிக்கே புனுகு சாத்துகிறார்கள். ஒன்றைக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறோம். மற்றொன்றை வாயால் சொல்லவும் கூசுகிறோம். நான் எதையும் குறைவாகச் சொல்லவில்லை. மணியின் பாயை முகர்ந்தவன் என்ற முறையில், இரண்டும் ஒன்றென்றும் சொல்லமாட்டேன்.

மலம் இளகலாகவே போய்க்கொண்டிருந்தால் பைகளுக்கு நெருக்குதல் கிடைப்பதில்லை. உள்ளே தங்கிய நீர் நாளடைவில் களிம்பு போலக் கெட்டியாகிக் குழாயை அடைத்துவிடும். அப்பொழுது நாய் தரையில் தேய்க்கிறது. வால் அடியை ஓயாமல் நக்குகிறது. உட்கார்ந்ததும் துள்ளி எழுகிறது. இந்நிலையில் காட்டினால் டாக்டர் கையுறை அணிந்து இரண்டு நிமிடத்தில் பைகளைக் காலி செய்துவிடுவார். காட்டாவிட்டால் கிருமி புகும், சீழ் பிடிக்கும், கட்டி உடைந்து தோலில் ஓட்டை விழும். மணி உடையும் தறுவாயில் இருந்தது. அந்த நிலையில் அடியில் கை கொடுத்துத் தூக்கினால் எந்த உயிர்தான் சீறாது? வெறி அன்று, வலி.

மயக்கத்திற்கு ஊசி போட்டு, ரோமத்தை மழித்து, கட்டியைக் கீறிச் சீழை வெளியேற்றிக் கழுவினார்கள். கிருமி கொல்லும் மாத்திரையும், நாய்க்கென்றே உள்ள வலி மாத்திரையும் எழுதிக் கொடுத்தார்கள். வீட்டில் நாம் விழுங்கும் பாரசிட்டமால், இபுபுரூபன் போன்றவற்றை நாய்க்குக் கொடுத்தால் அவை நஞ்சாகிவிடும் என்று டாக்டர் இருமுறை சொன்னார். புண்ணை நக்காதிருக்கக் கழுத்தில் புனல் போன்ற பட்டை ஒன்று. நாள்தோறும் இருவேளை வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒத்தடம். கீறிய வாயைத் தைக்கவில்லை. அது உள்ளிருந்தே ஆறிவர வேண்டுமாம். புனல் அணிந்த மணி கதவுநிலை ஒவ்வொன்றிலும் முட்டிக்கொண்டதைக் கண்டு சிறுமி சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் குறை கூறமாட்டேன்.

உணவைப் பற்றி டாக்டர் கேட்டபொழுதுதான் உண்மைக் காரணம் வெளிப்பட்டது. வளர்ந்த நாய்கள் பலவற்றுக்குப் பாலிலுள்ள சர்க்கரையைச் செரிக்கும் ஆற்றல் குறைவு; தினமும் பால் ஊற்றினால் மலம் இளகும். எங்கள் அடுகோடியின் பெருமைகளில் ஒன்று பால் ஆராய்ச்சி நிலையம். 1923ஆம் ஆண்டில் ஏற்பட்டு, 1927ஆம் ஆண்டில் காந்தியடிகள் வந்து பார்த்த இடம். 1955ஆம் ஆண்டில் தலைமையகம் கர்னாலுக்குச் சென்றபின் தென்மண்டல நிலையமாக விளங்குகிறது. விலங்குகளின் ஊட்டச்சத்தை ஆராய 1995ஆம் ஆண்டில் தோன்றிய தேசிய நிறுவனமும் இங்கேதான் இருக்கிறது. இவ்விரண்டும் இருக்கும் ஊரில் ஒரு நாய் பால் குடித்து நோயுற்றதென்றால் அதைத் தலைவிதி என்பதா, வேடிக்கை என்பதா? அந்நிலையங்களின் அக்கறை பெரும்பாலும் மாட்டினிடத்தில். நாயின் கிண்ணத்தை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பாலும் பிஸ்கட்டும் நின்றன. வெங்காயம் கலந்த சோறு நாய்க்கு ஆகாது என்று அதுவும் நின்றது. உணவோடு வேகவைத்த பரங்கிக்காய் இரண்டு கரண்டி சேர்த்தார்கள். நார் மலத்தைத் திரளச் செய்யும். எல்லா நாய்க்கும் இது பலிக்கும் என்று டாக்டர் உறுதி கூறவில்லை. பருமன் குறைய வேண்டும் என்பதில் மட்டும் உறுதியாக இருந்தார். தோல் ஒவ்வாமையுள்ள நாய்களுக்கும் இக்கோளாறு அடிக்கடி வருமாதலால், காது அரிப்பும் பாதம் நக்குவதும் உண்டா என்று விசாரித்தார். அப்படி ஏதும் மணிக்கு இல்லை.

இது அரிய நோயும் அன்று. பிரிட்டனில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட நாய்களின் மருத்துவப் பதிவுகளை ஆராய்ந்து 2021ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு ஒன்று, ஓராண்டில் நூற்றுக்கு நான்குக்குச் சற்று மேற்பட்ட நாய்கள் இக்கோளாற்றுக்கு ஆளாயின என்று கூறுகிறது. மூக்குச் சப்பையான இனங்களுக்கு இரண்டு மடங்குக்கும் மேல். இன்று நம் இளைஞர்கள் விரும்பி வாங்கும் பக், ஷிட்சூ ஆகியவை அந்த வகையைச் சேர்ந்தவை.

மற்றொன்று. நாய்களைக் குளிப்பாட்டி முடி திருத்தும் கடைகள் சிலவற்றில், கேளாமலே மாதந்தோறும் இந்தப் பைகளைப் பிதுக்கிவிடுகிறார்கள். அதற்குத் தனிக் கட்டணமும் உண்டு. தொந்தரவு இல்லாத பையைத் தொடவேண்டிய தேவை இல்லை. தெரியாமல் அழுத்தினால் உள்ளே புண்ணாகும். இணையத்தில் படம் பார்த்துவிட்டு வீட்டிலேயே முயல்வோரும் இருக்கிறார்கள். சீழ் கட்டியிருக்கும் பையை அழுத்தினால் நாய் கடிக்கும். கட்டி உள்ளேயே உடையவும் கூடும். மீண்டும் மீண்டும் வந்தால் பைகளையே அறுத்து நீக்கும் சிகிச்சை இருக்கிறது. அது தேர்ந்த கை செய்யவேண்டியது. அருகிலுள்ள நரம்பு பழுதுபட்டால் நாய்க்கு மலத்தை அடக்கும் ஆற்றல் போய்விடும். அதற்கு ஹெப்பாளில் 1958ஆம் ஆண்டிலிருந்து நடைபெறும் கால்நடை மருத்துவக் கல்லூரி போன்ற இடத்தை நாடுவது நன்று. வயதான நாய்க்கு அங்கே வலியில்லாத கெட்டிக் கட்டி தட்டுப்பட்டு, அது வழக்கத்துக்கு மேல் தண்ணீர் குடிக்கவும் தொடங்கினால் ஒருநாளும் தாமதிக்கலாகாது. அவ்விடத்தில் வரும் ஒருவகைப் புற்றுநோய் இரத்தத்தில் சுண்ணாம்புச் சத்தை ஏற்றித் தாகத்தை உண்டாக்கும்.

எங்கள் பேட்டையில் மாநகரக் காவல் துறையின் நாய்ப் படை இருக்கிறது. காலையில் ஆயுதப்படைத் திடலின் பக்கம் செல்வோர் சில நாட்களில் அவற்றைக் காணலாம். உழைக்கும் நாய்களை வைத்திருப்போர் அவற்றின் காது, பல், பாதம், வால் அடி என மேனி முழுவதையும் அன்றாடம் தடவிப் பார்ப்பது உலகெங்கும் உள்ள வழக்கம். அதில் அவர்களுக்குக் கூச்சமில்லை. அடுத்த வீட்டுச் சிறுமிக்கு இதைச் சொன்னேன். அன்று முதல் அவள் பள்ளியிலிருந்து வந்ததும் மணியைத் தடவிப் பார்க்கிறாள். வாலை மட்டும் தாய் தூக்கிப் பார்க்கிறார்.

புண் மூன்று வாரத்தில் ஆறியது. மாசியில் ஒருமுறை மணி தரையில் தேய்த்தது. அன்று மாலையே கொண்டுசென்றார்கள். பைகளைக் காலி செய்து அனுப்பிவிட்டார்கள். வீட்டை மாற்றும் பேச்சு அதற்கு முன்பே நின்றுபோயிருந்தது. வீட்டுக்கார அம்மையார் கருவாட்டுப் பழிக்கு வருத்தம் தெரிவிக்கும் முறையில் ஒரு கிண்ணம் பாயசம் கொடுத்து அனுப்பினார். மணிக்கு அதில் ஒரு சொட்டும் கிடைக்கவில்லை.

சென்ற வாரம் நான் வாசலில் அமர்ந்திருந்தேன். பசவனகுடியிலுள்ள தம் அண்ணன் வீட்டு நாயும் இப்படியே தரையில் தேய்ப்பதாகவும், எல்லோரும் பார்த்துச் சிரிப்பதாகவும் வீட்டுக்கார அம்மையார் படியில் நின்றபடி சொன்னார். தையல் இயந்திரத்தை நிறுத்திவிட்டு அடுத்த வீட்டு அம்மையார் வெளியே வந்தார். நான்கு மணி, எட்டு மணி என்று காற்றில் விரலால் கடிகாரம் வரைந்து காட்டி, "குத க்ரந்தி, டாக்டரிகெ தோரிஸி" என்று தெரு முழுவதும் கேட்கும்படி சொன்னார். திங்கட்கிழமையே கொண்டுபோய்க் காட்டினார்களாம். அந்த நாய்க்கு இடப்புறத்துப் பை.